தறியும் ஏரியும் தொடக்கப்பள்ளி அறிவியலும்

1941ஆம் ஆண்டை ஒட்டிய காலம். இராமேசுவரம் ஊராட்சித் தொடக்கப்பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பறவையின் படத்தை வரைகிறார். அது எவ்வாறு சிறகடித்து மேலெழுகிறது, வாலைத் திருப்பி எவ்வாறு திசை மாறுகிறது என்பதையெல்லாம் விரிவாக விளக்கிவிட்டு, விளங்கிற்றா என்று வினவுகிறார். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, தனக்கு விளங்கவில்லை என்கிறான். அவனைத் தொடர்ந்து பிற மாணவரும் அவ்வாறே கூறுகின்றனர். ஆசிரியர் சினங்கொள்ளவில்லை. அன்று மாலையே அனைவரையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறந்துகொண்டிருந்த கடற்பறவைகளைச் சுட்டிக்காட்டி அதே பாடத்தை மீண்டும் நடத்துகிறார். எழுந்து நின்ற அச்சிறுவன் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். தம் வாழ்வின் திசையைத் தீர்மானித்தது அந்த மாலைப்பொழுதே என்று 2015இல் மறையும்வரை அவர் எத்தனையோ மேடைகளில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

இந்நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் கலாமின் பெருமையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். ஆசிரியரின் பெருமை அதில் மங்கிவிடுகிறது. (தம் வீட்டு அடுக்களையில் முஸ்லிம் சிறுவனுக்கு உணவு பரிமாற மனைவி மறுத்தபோது, தாமே பரிமாறி அவனருகில் அமர்ந்து உண்டவரும் இதே ஆசிரியர்தாம்.) அவர் செய்தவை இரண்டு. 'விளங்கவில்லை' என்னும் சொல்லை மாணவனின் குறையாகக் கொள்ளாமல், பாடம் நடத்திய முறையின் குறையாக எடுத்துக்கொண்டார். படத்தையும் பெயர்களையும் முன்வைத்துத் தொடங்கிய பாடத்தை, பொருளை முன்வைத்துத் தொடங்கும் பாடமாகத் தலைகீழாக மாற்றினார். அதற்கு அவருக்கு எந்த ஆய்வுக்கூடமும் தேவைப்படவில்லை. ஊரில் கடல் இருந்தது, அது போதுமானதாயிற்று.

இராமேசுவரத்திற்குக் கடற்கரை வாய்த்தது. கடலற்ற ஊரில் ஆசிரியர் எங்கே செல்வார்? காஞ்சிபுரத்தை எடுத்துக்கொண்டு இவ்வினாவைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற இவ்வூரில் நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் நடந்தால், தெருவின் நீளத்திற்குப் பாவு விரிக்கப்பட்டிருப்பதையும், அரிசிக் கஞ்சி தோய்த்து அதனை இளவெயிலில் உலர்த்துவதையும் காணலாம். கஞ்சி ஏன்? உச்சிவெயிலில் ஏன் உலர்த்துவதில்லை? மழைநாளில் பாவு ஏன் விரிப்பதில்லை? இவை மூன்றும் ஆவியாதல், ஈரப்பதம், இழையின் வலிமை ஆகியவை பற்றிய அறிவியல் வினாக்கள். அத்தெருவழியே பள்ளிக்குச் செல்லும் பிள்ளை பாவைத் தாண்டிக் குதித்துப் போகிறது. பள்ளியில் 'நீர் ஆவியாதல்' என்னும் பாடத்தில் அது காண்பது, எங்கோ ஓர் அயலூர்ச் சமையலறையில் கொதிக்கும் பாத்திரத்தின் படத்தை.

ஆனால் தறியைப் பள்ளியோடு சேர்த்துப் பேசும் எவரும் ஒரு கசப்பான வரலாற்றைக் கடந்தே செல்லவேண்டும். காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கும் வேறு நிறம் என அமையும்போது, ஊடை இழைகளை மூன்று நாடாக்களால் மாற்றி மாற்றிச் செலுத்த வேண்டும். நெசவாளர் ஒருவரால் இரு புறமும் எட்ட இயலாது. எனவே ஒரு பக்கக் கரையருகே அமர்ந்து நாடாவை வாங்கித் திருப்பித் தர ஓர் உதவியாள் தேவை. அவ்விடத்தில் பல்லாண்டுகள் அமர்த்தப்பட்டவர்கள் சிறார்களே. சின்னஞ்சிறு விரல்கள், குறைந்த கூலி, பெற்றோர் வாங்கிய முன்பணம் ஆகிய மூன்றும் அவர்களைத் தறிக்குழியருகே கட்டிப்போட்டன. 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' அமைப்பு 2003 ஜனவரியில் இந்தியப் பட்டுத்தொழிலின் கொத்தடிமைச் சிறார் குறித்து வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்திற்கும் இடமுண்டு. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடைசெய்யப்பட்ட தொழில்களுள் சேர்த்தது. குடும்பத் தறிக்கு மட்டும் விலக்களித்தது. அவ்விலக்கு ஒரு வாயிற்கதவுபோல் பயன்பட்டது. 2009இல் கல்வியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 2016இன் திருத்தச் சட்டம் 14 வயதிற்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலிருந்தும் விலக்கியது. பள்ளி நேரத்திற்குப் பின்னரும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்னும் பகுதியை மட்டும் விட்டுவைத்தது.

ஆகவே, தறியிலிருந்து பிள்ளையை மீட்டுப் பள்ளிக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர்கள் தறி என்னும் சொல்லையே வகுப்பறைக்குள் அனுமதிக்கத் தயங்கியதில் வியப்பில்லை. அத்தயக்கம் நியாயமானது. எனினும் அதற்கும் ஒரு விலை இருந்தது. தன் வீட்டில் தந்தையும் பாட்டனும் அறிந்தது எதுவும் அறிவு என்னும் கணக்கில் சேராது என்பதைப் பிள்ளை பள்ளியில் சொல்லாமலே கற்றுக்கொண்டது. பிள்ளையின் உழைப்பைத் தறி கேட்கக்கூடாது. பிள்ளையின் வினாவைத் தறி தாராளமாகப் பெறலாம். இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாட்டை ஆசிரியர் தெளிவாக உணர்ந்துகொண்டால் தயக்கத்திற்கு இடமில்லை.

தறியடியில் ஓர் அரைமணி நேரம் என்னென்ன கிடைக்கும்? முதலில் எடை. கச்சாப் பட்டின் இழை, ஃபைப்ராயின் என்னும் புரதத்தாலான நாராகவும் அதனைச் சூழ்ந்த செரிசின் என்னும் பசையாகவும் அமைந்தது. சாயமிடுவதற்கு முன் அதனைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைப்பார்கள். வேகவைக்குமுன் 100 கிராம் இருந்த பட்டு, வேகவைத்து உலர்த்தியபின் ஏறத்தாழ 75 கிராமாகக் குறைந்திருக்கும். கொதிநீர் வேலையைச் சாயப்பட்டறைப் பெரியவர் செய்யட்டும். தராசைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் போதும். முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்த பிள்ளைகளிடம் ஆசிரியர் கேட்கவேண்டியது ஒன்றுதான்: மீதி எங்கே போயிற்று? திருடுபோயிற்று என்று ஒரு பிள்ளை சொல்லலாம். ஆவியாகிவிட்டது என்று மற்றொன்று சொல்லலாம். அந்த நீரை விரலால் தொட்டுப் பார்த்து அதன் வழவழப்பை உணரும் பிள்ளை தானே விடையைக் கண்டடையும். பொருள் அழிவதில்லை, இடம் மாறுகிறது என்னும் கருத்தை ஐந்தாம் வகுப்பிலேயே உணர்த்த இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது மணம். பட்டிழை ஒன்றையும் பருத்தி இழை ஒன்றையும் ஆசிரியர் இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டட்டும். பட்டு, மயிர் கருகும் நாற்றத்தைத் தரும். பருத்தி, தாள் எரியும் மணத்தைத் தரும். பட்டும் மயிரும் விலங்கிலிருந்து வந்த புரதங்கள். பருத்தியும் தாளும் தாவரத்திலிருந்து வந்தவை. புடவைக் கடைக்காரர் போலிப் பட்டைக் கண்டறிய வழக்கமாகச் செய்யும் சோதனை இது. வணிகனின் எச்சரிக்கை இங்கே வேதியியலாகிறது.

எல்லாவற்றினும் வளமானது ஜக்கார்டு. தறியின் மேல் அமர்ந்திருக்கும் அப்பெட்டியையும் அதிலிருந்து தொங்கும் துளையிட்ட அட்டைச் சரத்தையும் காஞ்சிப் பிள்ளைகள் பிறந்தது முதல் பார்த்து வருகின்றனர். துளை உள்ள இடத்தில் கொக்கி உயர்ந்து அதன் பாவிழையைத் தூக்கும். துளையற்ற இடத்தில் இழை கீழேயே இருக்கும். துளை, துளையின்மை என்னும் இரண்டே சொற்களால் மயிலும் அன்னமும் மாங்காயும் சேலையில் எழுகின்றன. பிரான்சின் லியோன் நகர நெசவாளர் மரபில் வந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் நிறைவுசெய்த இப்பொறியிலிருந்தே, ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் எந்திரத்திற்கு அட்டைகளைக் கடன்வாங்கினார். கணினியின் மூதாதை நம் தெருவில் மிதியோசையுடன் இயங்கிக்கொண்டிருக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கணினியைக் காட்டப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறோம்! ஒரு கட்டத்தாளும் வண்ணப் பென்சிலும் கொடுத்து, 16 கட்ட அகலத்தில் ஒரு பூவை வரையச் சொல்லி, வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிடச் செய்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் அதைச் செய்துமுடிக்கும். அந்த அட்டைகளை வேறொரு பிள்ளையிடம் கொடுத்து, படத்தைப் பாராமல் திரும்ப வரையச் சொன்னால் அவ்வகுப்பின் ஆரவாரம் அடங்க நெடுநேரமாகும்.

இவற்றையெல்லாம் ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டுமோ என்று அஞ்சவேண்டியதில்லை. நெசவாளரிடம் கேட்கலாம். அறிவுடையோர் தொழிலாளரிடம் சென்று கேட்பது நம் மரபுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 255இல் மறைந்த பஸராவின் அல்ஜாஹிழ், விலங்குகள் பற்றித் தாம் எழுதிய 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலுக்கு, கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் நூலோடு மாலுமிகள், கசாப்புக்காரர்கள், பாம்பாட்டிகள் ஆகியோரின் அனுபவத்தையும் சான்றாகக் கொண்டார். அரிஸ்டாட்டில் கூறியது ஐயத்திற்குரியதாகத் தோன்றிய இடங்களில் மறுக்கவும் செய்தார். நெசவாளர் ஒருவர் வகுப்பறையில் ஆசிரியரின் நாற்காலியில் அமர்ந்து, இழையின் இழுவிசையை விரலால் தட்டி அளப்பதை விளக்குவாரானால், அதைக் கேட்கும் பிள்ளைகளுள் அவருடைய பிள்ளையும் இருக்குமானால், அங்கே நிகழ்வது அறிவியல் பாடம் மட்டுமாக இராது.

தறிக்கு வெளியேயும் காஞ்சிக்குக் கடற்கரைகள் உண்டு. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராஜசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் அடித்தளம் கருங்கல், மேற்சுவர்கள் மணற்கல். ஆயிரத்து முந்நூறு ஆண்டு மழையும் காற்றும் இரண்டையும் சமமாகவே தாக்கின. கருங்கல் பெரிதும் மாறவில்லை. மணற்கல் தேய்ந்து உதிர்ந்திருக்கிறது. பாறைகளின் வகை குறித்த பாடத்தை வெளியில் நின்றே நடத்தலாம். எந்தச் சமயப் பிள்ளைக்கும் கல் கல்லே.

ஏரிகளைச் சொல்லாமல் இப்பகுதியின் இயற்கையைப் பேச இயலாது. காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகளின் நாடு. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டின் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள், ஊராட்சியின் குழுக்களுள் 'ஏரி வாரியம்' ஒன்றையும் குறிப்பிடுகின்றன. அண்டையில், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கல் உள்ளது. 2019இல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை அது காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்தது. அவ்வூரின் வரலாறு ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும் சொல்லப்பட வேண்டியது. நாரைகளையும் கூழைக்கடாக்களையும் ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டு வீழ்த்தியபோது, ஊர்மக்கள் ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமைப் பத்திரம் ஒன்றை 1798இல் பெற்றனர். அப்பத்திரத்திற்கு அக்கால வழக்கில் 'கௌல்' என்று பெயர்; 'வாக்கு' எனப் பொருள்படும் 'கவ்ல்' என்னும் அரபுச் சொல்லே அது. பறவைகள்மீது அம்மக்கள் கொண்ட பரிவில் பயனறிவும் கலந்திருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பாயும் வயலில் விளைச்சல் மிகும் என்பதை அவர்கள் கண்டறிந்திருந்தனர். நைட்ரஜன், பாஸ்பரஸ் என்னும் பெயர்கள் அவர்களுக்குத் தெரியாது. பெயர்களைப் பிற்பாடு அறிந்துகொள்ளலாம். உறவைக் கண்டறிவதே அறிவியலின் முதற்படி. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே செல்லும் ஒரு வகுப்பு, சிவசுப்பிரமணிய ஐயரின் பாடத்தை அப்படியே திரும்ப நடத்தலாம். செல்ல இயலாத வகுப்பிற்குத் தன் ஊர் ஏரியின் கொக்கும் நீர்க்காகமும் போதும்.

பிள்ளை எவ்வாறு தானே அறிகிறது என்பதைப் பற்றி நம் முன்னோர் எழுதிய மிகச் சிறந்த நூல் ஒரு கதை என்பது இங்கே கருதத்தக்கது. ஹிஜ்ரி 581இல் (1185) மறைந்த அந்தலுஸிய மருத்துவர் இப்னு துஃபைல் எழுதிய 'ஹய்யு இப்னு யக்ழான்' அது. மனிதரற்ற தீவில் ஒரு பெண்மானால் வளர்க்கப்படும் ஹய்யுக்கு ஏழு வயதாகும்போது மான் இறந்துவிடுகிறது. நம் கணக்கில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் வயது. அழைத்தும் அது அசையாததைக் கண்ட அவன், தன் கண்களைப் பொத்தினால் தனக்குப் பார்வை தடைப்படுவதையும், காதைப் பொத்தினால் ஓசை தடைப்படுவதையும் நினைக்கிறான். எனவே தாய்மானின் உறுப்புகளிலும் ஏதோ ஒரு தடை இருக்கவேண்டும், அதனை நீக்கினால் அது எழுந்துவிடும் என்று கருதித் தேடுகிறான். வெளியுறுப்புகளில் தடை எதுவும் காணாமல், நெஞ்சைத் திறந்து இதயத்தை அடைகிறான். அதன் ஓர் அறை வெறுமையாயிருப்பதைக் காண்கிறான். அன்பால் தோன்றிய வினா, கருதுகோளாகி, சோதனையாகி, கருதுகோளின் தோல்வியாகி, புதிய வினாவாகும் முழுச் சுற்றையும் அந்தச் சில பக்கங்களில் இப்னு துஃபைல் காட்டிவிடுகிறார். எட்வர்ட் போகாக் இதனை 1671இல் இலத்தீனில் பெயர்த்தார்; அதன்பின் ஐரோப்பா இதனை ஆவலுடன் பயின்றது. நம் பாடசாலைகளில் இதன் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்?

தமிழகத்தில் பொருளை முன்வைக்கும் கல்விக்கு முயற்சியே நடைபெறவில்லை என்று சொல்வது நன்றியற்றதாகும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980 முதலும், அதன் 'துளிர்' சிறுவர் இதழ் 1987 முதலும் ஆற்றிய பணி நாடறிந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், ஆணையராயிருந்த எம்.பி. விஜயகுமார் தொடங்கிவைத்த செயல்வழிக் கற்றல், ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைப் பின்பற்றி எழுந்தது. சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும், காஞ்சிபுரம் உட்பட, தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் அமர்ந்தார். பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணிப்படியில் ஏறலாயிற்று. அச்சம் நீங்கியதே அதன் பெருஞ்சாதனை. குறை என்று நான் கருதுவது ஒன்றுண்டு: பொருளின் இடத்தை அட்டை பிடித்துக்கொண்டது. எறும்பு பற்றிய அட்டை தட்டில் அடுக்கப்பட்டிருக்க, சன்னலோரத்தில் ஊர்ந்துசென்ற எறும்பு கவனிப்பாரின்றிப் போயிற்று.

2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகள் இழந்த வாசிப்பையும் கணக்கையும் மீட்பதைத் தலையாய கடமையாகக் கொண்டது, அது தேவையே. அதே ஆண்டு நவம்பரில் வந்த 'வானவில் மன்றம்' சோதனைப் பொருள்களைப் பள்ளிகளுக்கே கொண்டுசென்று செய்து காட்டும் நல்ல ஏற்பாடு. ஆனால் அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலானோர்க்கு வகுக்கப்பட்டது. வினாக்கள் இயல்பாகவே பொங்கிவரும் ஐந்திலிருந்து பத்து வயதுவரையிலான பருவம் இவ்விரண்டிற்கும் இடையில் விடப்பட்டதாகவே எனக்குப் படுகிறது. இரண்டே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் தாங்கும் பள்ளிகளில், 'எங்கே நேரம்?' என்னும் கேள்விக்கு மறுமொழி சொல்வதும் எளிதன்று. வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு பொருள், ஐந்து வகுப்பும் ஒன்றாக என்று தொடங்கலாம். பட்டிழையின் முன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் தத்தமக்கு இயன்ற வினாவைக் கேட்கும்.

நம் சமுதாயத்தார் நடத்தும் மழலையர், தொடக்கப் பள்ளிகளுக்கு அந்தச் சாக்குப்போக்கும் இல்லை. ஆசிரியர் உண்டு; கட்டடம் உண்டு. ஆயினும் பெற்றோரை மகிழ்விக்க நான்கு வயதுப் பிள்ளையை மேடையேற்றித் தாவரத்தின் பாகங்களை ஆங்கிலத்தில் ஒப்பிக்கச் செய்வதில் நாம் நிறைவடைகிறோம். மக்தபில் அப்பிள்ளை அந்நஹ்ல், அந்நம்ல், அல்அன்கபூத் என்னும் அத்தியாயப் பெயர்களை மனனம் செய்கிறது. அவை தேனீ, எறும்பு, சிலந்தி எனப் பொருள்படும் என்று கூறி, மதரஸாச் சுவரோரம் ஓடும் எறும்பு வரிசையில் ஒரு சர்க்கரைத் துணுக்கை வைத்துவிட்டுக் காத்திருக்க ஓர் உஸ்தாதுக்கு ஐந்து நிமிடம் போதும். மனனத்திற்கு அதனால் குறைவு வராது.

இறுதியாக ஒரு வியப்பு. பட்டூரில் பிறந்து வளரும் பிள்ளைகளுள் மிகப் பலர் பட்டுப்புழுவைக் கண்டதில்லை. இழை பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து சிட்டமாகவே வந்திறங்குகிறது. ஓசூர்ப் பகுதியில் பட்டு வளர்ப்போரிடமிருந்து சில முட்டைகளையும் முசுக்கொட்டை இலைகளையும் தருவித்தால், ஒரு வகுப்பறை மூலையில் ஏறத்தாழ 25 நாள்களில் முழு நாடகமும் நடந்தேறும். புழு நான்கு முறை தோலுரிக்கும்; தலையை எட்டுப்போல் ஆட்டி ஆட்டிக் கூடு கட்டும். ஒரு கூட்டின் இழை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளும். கூட்டை வேகவைத்து இழையெடுக்கும்போது உள்ளிருக்கும் உயிர் மடிகிறது. அப்போது ஒரு பிள்ளை, 'உள்ளே இருந்த புழு எங்கே?' என்று கேட்டே தீரும். அக்கேள்வியை அடக்கிவிடாமல், ஒரு கூட்டை மட்டும் வேகவைக்காமல் எடுத்துவைக்க வேண்டும். இரு வாரங்களுக்குள் கூட்டின் முனையை நனைத்துக் கரைத்துக்கொண்டு, உண்ணவும் பறக்கவும் இயலாத ஒரு வெள்ளை அந்துப்பூச்சி வெளிவரும். சில நூறு முட்டையிட்டுச் சில நாளில் மடியும். துளைவிழுந்த அக்கூட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து, இழையை உருவச் சொல்ல வேண்டும். அது துண்டு துண்டாகவே வரும்.